தெளிய வைத்த மருந்து

கனகதாஸ் அடிக்கும் ரப்பர் ஷீட்டில் ஒரு பொட்டு அழுக்கு இருக்காது. பாறசாலையில் ரப்பர் கடைக்காரர் அதை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். தேன் நிறத்தில் வெளிச்சம் ஊடுருவும். பக்கத்தில் நிற்கிற மற்ற வெட்டுக்காரர்களிடம், "கண்டியளா? இதாக்கும் ஷீட்டு. நீங்க கொண்டு வாறது கோணிச்சாக்கு" என்பார். அவர்கள் சிரித்துக்கொண்டே கனகதாசைக் கெட்ட வார்த்தை சொல்வார்கள்.

அதில் மாயம் ஒன்றுமில்லை. மரம் மரமாகப் போய்ச் சிரட்டைப் பாலை வாளியில் எடுத்துக்கொண்டு வந்ததும், மற்றவர்கள் சல்லடையில் அரித்து, உடனே டிஷ்ஷில் ஊற்றி, பால் உறைய ஆசிட் விட்டு வேலையை முடிப்பார்கள். கனகதாஸ் ஊற்றமாட்டான். அளவுக்குத் தண்ணீர் சேர்த்து, வாளியை அசையாத இடத்தில் வைத்துவிட்டு ஒரு பீடி பிடிப்பான். அரிப்பில் சிக்காத மணலும் பட்டைத்தூளும் அந்த நேரத்தில் அடியில் போய் உட்காரும். பிறகு தூங்குகிற பிள்ளையை எடுப்பதுபோல் வாளியை எடுத்துச் சரித்து, மேல்பாலை மட்டும் டிஷ்களில் இறக்குவான். கடைசியில் நிற்கும் மண்டியை, மரத்தில் ஒட்டிக் காய்ந்த ஒட்டுப்பாலோடு தள்ளிவிடுவான். பதினாலு வயதில் வெட்டுக்கத்தி பிடித்ததில் இருந்து இதுதான் பழக்கம். தெளிந்தது நல்லது, அடியில் நிற்பது அழுக்கு. மூளையைக் கேட்காமலே அவன் கைக்கு இது தெரியும்.

அவன் மகள் சோனாவுக்கு ஒன்பது வயது. நாலு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து பிழைத்தவள். பிழைத்த பிறகு ஃபிட்ஸ் தொடங்கியது. மாத்திரை கொடுத்தால் தொண்டையில் நிற்கும், ஓங்கரிப்பாள், சோறும் சேர்ந்து வெளியே வரும். அதனால் நெய்யாற்றின்கரை மோகனன் டாக்டர் பாட்டில் மருந்து எழுதினார். காலையில் அஞ்சு எம்.எல்., சாயங்காலம் அஞ்சு எம்.எல்.

டாக்டர் நல்ல மனுஷன். வெளியே வரிசை நின்றாலும் சொல்ல வேண்டியதைச் சொன்னார். ஒரு நேரம்கூட விடக்கூடாது. பிள்ளைக்குச் சுகமாகிவிட்டது என்று நீயாக நிறுத்தக்கூடாது. ஸ்பூனில் ஊற்றாதே, பாட்டிலோடு தருகிற மூடியில் கோடு பார்த்து ஊற்று. கனகதாஸ் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான். மருந்துக்கடையில் ஜன்னலுக்கு முன்னால் ஆட்கள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். உள்ளே நின்ற பையன் அட்டைப்பெட்டியின்மேல் பேனாவால் 5 - 5 என்று எழுதி, கவரில் போட்டு நீட்டி, அடுத்த சீட்டை வாங்கிக்கொண்டான். பாட்டிலில் ஒட்டிய தாளில் எறும்பு வரிசைபோல ஆங்கிலம் இருந்தது. கனகதாஸ் அதைப் படிக்கிற ஆள் இல்லை.

பஸ்சில் பாட்டிலை முழங்கால்களுக்கு நடுவே நேராகப் பிடித்துக்கொண்டு வந்தான். வீட்டில் அதை ஜன்னல் பலகையில் வைத்தான். காலையில் பார்த்தபோது அடியில் விரல்கனத்துக்கு வெள்ளையாகப் பொடி இறங்கியிருந்தது. மேலே இளஞ்சிவப்பில் தண்ணீர் மாதிரித் தெளிந்து நின்றது.

"கம்பெனிக்காரனும் அரிக்காமத்தான் ஊத்துதான் போல" என்று சொல்லிக்கொண்டான். "மோளே, இத தொடப்பிடாது கேட்டியா? தட்டினா மண்டி கலங்கிப்போவும்."

"கலங்கினா என்ன அப்பா?"

"உன் வயித்துல மண்டி நிக்கும். பிறகு உன்னையும் ஒட்டுப்பாலுகூட எடுத்துப் போடணும்."

சோனா சிரித்தாள். அவளுக்குச் சிரிக்க அதிகம் வேண்டாம்.

அன்றிலிருந்து இரண்டு நேரமும் அவனே கொடுத்தான். பாட்டிலை அசங்காமல் எடுத்து, அசங்காமல் சரித்து, மூடியைக் கண்ணுக்கு நேரே பிடித்துக் கோட்டைப் பார்த்து ஊற்றுவான். ஒரு துளி கூடினால் திரும்ப விடுவான். மண்டிக்குப் பக்கத்தில் வந்ததும் நிறுத்திவிட்டு, மிச்சத்தை வாழைமரத்து மூட்டில் கொட்டி, புதுப் பாட்டில் உடைப்பான். அவன் மனைவி லீலாபாய் திருவனந்தபுரத்தில் ஒரு வீட்டில் தங்கி ஹோம் நர்ஸ் வேலை பார்க்கிறாள். படுத்த படுக்கையில் ஒரு பெரியவர், அவரைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, புரட்டிப் படுக்கவைப்பது அவள் வேலை. மாதத்தில் ஒருமுறை வருவாள். வந்தபோது அவன் மருந்து ஊற்றுவதைக் கதவில் சாய்ந்து நின்று பார்த்தாள். இவ்வளவு பக்குவமாக ஊற்றுகிற ஆம்பிளையை அவள் கண்டதில்லை. நிம்மதியாகத் திரும்பிப்போனாள்.

ஃபிட்ஸ் நிற்கவில்லை.

முன்பு எப்போதாவது வந்தது, வாரம் தவறாமல் வர ஆரம்பித்தது. அறுப்புப் பண்டிகைக்கு வேதக்கோயிலில் சண்டே ஸ்கூல் பிள்ளைகள் வரிசையாக நின்று பாடினார்கள். ஏலத்துக்கு வைத்த பூசணிக்காயும் மரச்சீனிக் கிழங்கும் முன்னால் குவிந்து கிடந்தன. சோனாவின் பாட்டு திடீரென்று நின்றது. கழுத்து ஒருபக்கமாகத் திரும்பியது. பலகைபோல் விறைத்துக் காய்கறிக் குவியலின்மேல் விழுந்தாள். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. பாவாடை நனைந்தது. யாரோ சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்கள். கனகதாஸ் அவளை ஒருச்சரித்துப் படுக்கவைத்து, தலைக்கடியில் தன் துண்டை வைத்து, அடங்கும்வரை பக்கத்தில் குத்தவைத்து இருந்தான். டாக்டர் சொல்லித்தந்த முறை அது. அவன் சொன்னதைக் கேட்கிறவன்.

கண் தெளிந்ததும் சோனா தன் கையில் திணித்திருந்த சாவிக்கொத்தைப் பார்த்தாள். "எல்லாரும் எனக்கு சாவி தந்து தந்து, நான் இப்பம் கதவாயிட்டேன்" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரிக்கவும் முடியாமல், சிரிக்காமல் இருக்கவும் முடியாமல் நின்றார்கள்.

மோகனன் டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார்.

"மருந்து ஒழுங்கா குடுக்கிறதுண்டா கனகதாசே? உள்ளத சொல்லணும்."

"ஒரு நேரம் தெற்றினதில்ல சாரே. என் தலையில அடிச்சு சொல்லுதேன்."

"அளவு?"

"கோடு பாத்தாக்கும் ஊத்துயது."

டாக்டர் அவன் முகத்தைப் பார்த்து நம்பினார். நம்பியதால் அளவைக் கூட்டினார். சில வாரம் கழித்து மறுபடியும் கூட்டினார். ஒவ்வொரு முறையும் பிள்ளையின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார், நேராக நடக்கச் சொன்னார். எல்லாம் சரியாக இருந்தது. இந்தப் பிள்ளையின் உடம்பு மருந்தைச் சீக்கிரம் தின்றுவிடுகிறது போல என்றார்.

பள்ளிக்கூடத்தில் ஹெட்மிஸ்ட்ரஸ் கனகதாசைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். வகுப்பில் விழும்போது மற்ற பிள்ளைகள் அலறுகிறார்கள், படிக்கட்டில் விழுந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். "ஃபிட்ஸ் நிக்கட்டு. பிறகு கொண்டு வாருங்க. இடம் இங்கயே உண்டு." அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால் கனகதாசுக்குத் திருப்பிச் சொல்லவும் வாய் வரவில்லை. சோனா தன் பையைத் தானே எடுத்துக்கொண்டு அவனோடு வந்தாள்.

அதிலிருந்து அவனுக்கு வேறு வேண்டுதல் கிடையாது. ஃபிட்ஸ் நிற்கவேண்டும். பிள்ளை பள்ளிக்கூடம் போகவேண்டும்.

மழை தொடங்கியதும் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. தோட்டத்துத் தண்ணீரில் கால் வெடிப்போடு நின்றதில், எலிமூத்திரத்தால் பரவும் எலிப்பனி பிடித்துவிட்டது. கண் சிவந்து, கெண்டைக்கால் நொந்து, மூத்திரம் கட்டன்சாயா நிறத்தில் போயிற்று. ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தார்கள். லீலாபாய்க்கு உடனே விடுப்புக் கிடைக்கவில்லை. அவள் தங்கை விமலகுமாரி பூவாரில் இருந்து சோனாவைப் பார்த்துக்கொள்ள வந்தாள். பூவாரில் ஒரு ரிசார்ட்டில் துணி துவைக்கிற வேலை அவளுக்கு. வாய் அடங்காதவள். ஆஸ்பத்திரி வார்டு வாசலில் நின்றே தொடங்கினாள்.

"அத்தான், ஊருல இவ்வளவு சாயாக்கடை இருக்க, எலிமூத்திரமா குடிச்சிய?"

"உன் அக்கா போட்டுத்தந்தா குடிக்காம ஒக்குமா?" என்றான் கனகதாஸ், பல் நடுங்க. பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளைக்கு மருந்து ரெண்டு நேரமும் விடப்பிடாது, கேட்டியா? பெட்டியில எழுதியிருக்கு. கோடு பாத்து ஊத்து" என்றான். காய்ச்சலில் மற்றது எதுவும் அவன் வாயில் வரவில்லை.

விமலகுமாரி ஜன்னல் பலகையில் இருந்த புதுப் பாட்டிலை எடுத்தாள். ரிசார்ட்டில் சோப்புக் குப்பியும் கறைநீக்கிக் குப்பியும் பார்த்துப் பார்த்து ஆங்கிலம் நாலெழுத்து வாசிக்கப் பழகியவள். நன்றாகக் குலுக்கிவிட்டுக் கொடுக்கவும் என்று போட்டிருந்தது. குலுக்கினாள். தெளிந்த தண்ணீர் கட்டியான இளஞ்சிவப்புப் பால்போல் ஆயிற்று. டாக்டர் கடைசியாக எழுதிய அளவைக் கோடு பார்த்து ஊற்றிக் கொடுத்தாள்.

ஃபிட்ஸ் நின்றுவிட்டது.

ஒரு நாள் வரவில்லை, இரண்டு நாள் வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை. விமலகுமாரி போனில் சொன்னாள்: "அத்தான், பிள்ளைக்கு ஒண்ணுமில்ல. இன்னைக்கு மழை விட்டதும் முற்றத்துல ஓட்டமாக்கும். கோழிக்க பின்னால நாலு சுத்து. நான் வையல்ல, ஓடட்டுன்னு விட்டேன்."

"ஓடினாளா?"

"பின்ன? நீங்க கட்டிப்போட்ட மாதிரி வச்சிருந்திய. பிள்ளைன்னா ஓடத்தான் செய்யும்."

கனகதாஸ் போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். பக்கத்துக் கட்டிலில் கிடந்தவர், யாருக்கேனும் ஏதாவது ஆகிவிட்டதா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினான். வீட்டுக்குப் போனதும் ஹெட்மிஸ்ட்ரசைப் பார்க்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

அடுத்த வாரத்தில் போன் வேறு மாதிரி வந்தது. பிள்ளைக்குத் தலைசுற்று, ஒருமுறை வாந்தி எடுத்தாள், பனிக்காய்ச்சலாகத்தான் இருக்கும் என்றாள் விமலகுமாரி. மறுநாள், பேச்சு குழறுகிறது, தூக்கமாகவே கிடக்கிறாள் என்றாள். "மருந்து விட்டியா?" என்று கேட்டான். "இல்ல அத்தான். வாந்தி எடுத்தாலும் விடல்ல. திருப்பிக் குடுத்தேன்." நல்லதைச் செய்கிறோம் என்ற உறுதி அவள் குரலில் இருந்தது. அவனும், அது போதும், விடாதே என்றான்.

டிஸ்சார்ஜ் ஆகி, ஊர் ஆட்டோக்காரன் எபினின் வண்டியில் வந்து இறங்கியபோது, சோனா அவனைக் கண்டு கட்டிலில் இருந்து எழுந்தாள். கால் ஒரு பக்கம் போயிற்று, உடம்பு ஒரு பக்கம் போயிற்று. கள்ளுக்கடையில் இருந்து வருகிறவன் மாதிரி ஆடினாள். கதவைப் பிடிக்க நீட்டிய கை கதவுக்கு இந்தப்புறம் காற்றைப் பிடித்தது. விழுந்தாள். தூக்கினான். கண்மணிகள் இரண்டும் பக்கவாட்டில் துடித்துக்கொண்டே இருந்தன, நிற்கவில்லை. "அப்பா, நீ ரெண்டு பேரா நிக்கிய" என்றாள். நாக்கு தடித்து வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டின.

கனகதாசின் கண் ஜன்னல் பலகைக்குப் போயிற்று. பாட்டில் முக்கால்வாசி தீர்ந்திருந்தது. உள்ளே மேலும் கீழும் ஒரே கலங்கல். தெளிவு என்று ஒன்றுமே இல்லை.

"நீ இத கலக்கினியா?"

"குலுக்கித்தானே குடுக்கணும். அதில எழுதியிருக்கு."

"மண்டிய என் பிள்ளைக்க வயித்துல ஊத்திட்டியேடி!"

அவன் குரல் ரோடுவரை கேட்டது. எபின் ஆட்டோவை எடுக்காமல் நின்றான். பக்கத்து வீட்டுப் பெண்ணும் அவள் மாமியாரும் வேலியோரம் வந்தார்கள். விமலகுமாரி பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, எழுதியிருக்கிற இடத்தை விரலால் தொட்டுக்காட்டிக்கொண்டே நின்றாள். அவன் பார்க்கவில்லை.

"நான் ஒரு துளி மண்டி இறங்காம பாத்துப் பாத்து குடுத்த மருந்து. வந்து ரெண்டு வாரத்துல கொன்னுட்டா. விஷத்த ஊத்தி வச்சிருக்கா பாவி!"

"அத்தான், கர்த்தராணை, அளவுதான்..."

"வாயத் தொறக்காத. என் பிள்ளைக்கு என்னவெங்கிலும் ஆச்சுன்னா உன்ன நான் சும்ம விடமாட்டேன். எறங்கிப் போ."

எபின்தான், முதலில் பிள்ளையைக் கொண்டுபோவோம் என்று, விமலகுமாரி கையில் இருந்த பாட்டிலையும் வாங்கிக்கொண்டு, அவனைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினான். ஆட்டோ கிளம்பும்போது விமலகுமாரி தன் பையில் துணியைத் திணித்துக்கொண்டிருந்தாள். வேலியோரம் நின்ற மாமியார், "பார்க்கத்தான் சாது" என்று சொன்னது எல்லாருக்கும் கேட்டது. விமலகுமாரிக்கும் கேட்டது.

மோகனன் டாக்டர் சோனாவின் கண்ணைப் பார்த்த உடனே நாற்காலியில் இருந்து எழுந்துவிட்டார். விரலைப் பார், மூக்கைத் தொடு என்றார். சோனாவின் விரல் கன்னத்தில் போய் இடித்தது.

"மருந்து கூடிப்போச்சு. எவ்வளவு குடுத்தீங்க?"

"சார் எழுதினதுதான். ஆனா அவ மண்டிய கலக்கிக் குடுத்திட்டா சாரே. நான் தெளிய வச்சு, மேல உள்ளத மட்டும் எடுத்துக் குடுப்பேன். அடிமண்டிய ஒருநாளும் குடுத்ததில்ல. மண்டிதான் பிள்ளைய இப்பிடி ஆக்கிட்டு."

டாக்டர் மலையாளத்தில், ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டார். "தொடக்கத்தில் இருந்தே தெளிய வைத்தா?"

"ஆமா சாரே. முதல் பாட்டிலில இருந்தே."

"அடியில் நின்றது?"

"வாழைமூட்டுல கொட்டுவேன்."

டாக்டர் மேசையில் இருந்த பாட்டிலை எடுத்தார். வைத்த இடத்தில் கொஞ்சம் தெளிந்து, அடியில் வெள்ளை இறங்கத் தொடங்கியிருந்தது. அதை விரலால் காட்டினார். "கனகதாசே, இதுதான் மருந்து. மேலே நிற்பது இனிப்பும் நிறமும் போட்ட தண்ணீர். இந்த மருந்து தண்ணீரில் கரையாது. பொடியாக மிதக்கும், வைத்தால் இறங்கும். அதனால்தான் ஒவ்வொரு நேரமும் குலுக்கி ஊற்ற வேண்டும். நீ பிள்ளைக்குக் கொடுத்ததில் மருந்து பேருக்குத்தான் இருந்தது."

கனகதாஸ் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"மருந்து கேட்கவில்லை என்று நினைத்து நான் கூட்டினேன். மறுபடியும் கூட்டினேன். தண்ணீருக்கு அளவு கூட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தப் பெண் வந்து முறைப்படி குலுக்கினாள். நான் கூட்டி எழுதியது முழுக்க அன்றைக்குத்தான் பிள்ளையின் உடம்புக்குள் போனது." டாக்டர் உட்கார்ந்தார். "எத்தனை தடவை வந்தாய். எப்படி ஊற்றுகிறாய், செய்துகாட்டு என்று ஒருமுறை நான் கேட்டிருக்க வேண்டும்."

கனகதாசுக்கு முதலில் நினைவு வந்தது வாழைமூடுதான். அந்த வாழை அந்த வருஷம் நல்ல குலை தள்ளியிருந்தது. வெட்டி, பழுக்கவைத்து, பிள்ளைக்கே கொடுத்திருந்தான்.

திருவனந்தபுரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மருந்து அளவுக்குமேல் ஏறி நின்றது. பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கவிட்டார்கள். லீலாபாய் வேலை வீட்டுச் சேலையிலேயே ஓடிவந்தாள். அவன் நடந்ததைச் சொன்னான், டாக்டர் சொன்னதை மறைக்காமல் சொன்னான். அவள் அடிப்பாள், ஏசுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் பிள்ளையின் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அந்தப் பெரியவருக்கு நெஞ்செரிச்சலுக்கு ஒரு வெள்ளை மருந்து உண்டு. தெனம் மூணு நேரம் குலுக்கிக் குலுக்கித்தான் குடுக்குதேன். வாட்ச்மேன்கூட கிண்டல் பண்ணுவான், சேச்சி செண்டை கொட்டுதான்னு." அவள் பிள்ளையின் போர்வையை இழுத்துவிட்டாள். "நீங்க ஊத்தினத நின்னு பாத்தேனே. கோட்டத்தான் பாத்தேன். பாட்டிலப் பாக்கல்ல."

சோனா தெளிந்தாள். வாந்தி நின்றது, கண் துடிப்பு குறைந்தது, பேச்சு பாதி திரும்பியது. நடைதான் திரும்பவில்லை. காலை அகட்டி வைத்து, படகில் நிற்கிறவள் மாதிரி ஆடி ஆடித்தான் நடந்தாள். டம்ளரை எடுத்தால் வாய்க்கு வருமுன் பாதி சிந்தியது. பின்மண்டையில் இருக்கும் சிறுமூளைக்கு மருந்து அடித்திருக்கிறது, சிலருக்குச் சரியாகும், சிலருக்கு ஆகாது, பயிற்சி விடக்கூடாது என்றார்கள். நடக்கும்போது கையைப் பிடித்துக்கொண்டே இருக்காதீர்கள், பின்னால் நில்லுங்கள், தானாக நிற்கப் பழகட்டும் என்றும் சொன்னார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது மருந்து எழுதித் தந்தார்கள். அதே மருந்து. காலையில் அஞ்சு, சாயங்காலம் அஞ்சு. மோகனன் டாக்டர் முதல்நாள் எழுதிய அதே அளவு. லீலாபாய் வேலையை விட்டுவிட்டு வந்து, ஒவ்வொரு நேரமும் குலுக்கிக் கொடுத்தாள். பிறகு ஃபிட்ஸ் வரவே இல்லை. மாசங்கள் போயின, வரவில்லை. தொடக்கத்தில் இருந்தே அந்த அஞ்சு போதுமானதாக இருந்தது.

கனகதாஸ் மருந்து நேரத்தில் வீட்டுக்குள் இருக்கமாட்டான். யாரும் போகச் சொல்லவில்லை. அவனாக எழுந்து முற்றத்துக்குப் போய்விடுவான்.

பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொண்டார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் வாசலுக்கே வந்து கூட்டிக்கொண்டு போனார். இரண்டாவது வாரம் சோனா வீட்டுக்கு வந்து, "அப்பா, பாம்பரம்னா என்ன?" என்று கேட்டாள். கூட்டிக்கொண்டு வந்த லீலாபாய், கேட்காதவள்போல் அடுக்களைக்குள் போனாள். சுற்றித் தளர்ந்து சாயும்போது பம்பரம் ஆடுமே, அப்படி ஆடுகிறாள் என்று பிள்ளைகள் வைத்த பெயர் அது.

"சித்தி எப்பம் வருவா?" என்று சோனா அடிக்கடி கேட்டாள். சித்தி இருந்தபோது ஃபிட்ஸ் வரவில்லை, கோழியை விரட்டி ஓடினாள், சித்தி வையவில்லை. அந்த ஒரு வாரம்தான் அவளுக்குள் நின்றிருந்தது. அதற்கு அடுத்த வாரம் அவளுக்கு ஞாபகம் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் கனகதாஸ் பூவாருக்குப் பஸ் ஏறினான். விமலகுமாரி ரிசார்ட்டின் பின்பக்கம் கயிற்றில் படுக்கை விரிப்புகளை உலர்த்திக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் நிறுத்தவில்லை. வெள்ளை விரிப்புகளுக்கு நடுவே முகம் தெரிந்தும் மறைந்தும் இருந்தது.

"அக்கா போனுல எல்லாம் சொன்னா" என்றாள்.

"நான் அன்னைக்கு சொன்னது தெற்று விமலா. நீதான் சரியா குடுத்தது."

"தெரியும்."

"மன்னிச்சிரு."

"மன்னிச்சாச்சு அத்தான். அத விடுங்க." ஒரு விரிப்பை உதறினாள். "சரியாத்தான் குடுத்தேன். ஒரு துளி கூட்டல்ல. ஆனா பிள்ளை ஆடுயதுக்கு என் கை குடுத்த மருந்துதானே காரணம்? நீங்க குடுத்திருந்தா ஃபிட்ஸ் வந்திருக்கும், நடந்திருப்பா. இத நான் எங்க கொண்டு வைக்க?"

விரிப்பின் ஒரு முனையை அவன் பிடித்துக்கொடுத்தான். அவள் அதை வாங்கிக் கயிற்றில் போட்டாள்.

"எனக்க பிள்ளைக்கு காச்சல் வந்தா சிரப்பு ஊத்த அயல்வீட்டுக்காரிய விளிக்கேன் இப்பம். அவிய சிரிக்காவ."

"சோனா கேக்குதா. ஒருநாள் வந்து பாத்திட்டு போ."

விமலகுமாரி கயிற்றில் கிளிப் மாட்டினாள். அடுத்த விரிப்புக்கும் மாட்டினாள். "அவ ஓடினத நான் பாத்தேன் அத்தான். இனி அவ நடக்கியத என்னால பாக்க ஒக்காது. போங்க. பஸ்சு போயிரும்."

திரும்பி வந்தபோது சோனா முற்றத்தில் நடைப்பயிற்சிக்குக் கட்டிய மூங்கிலைப் பிடித்து நின்றுகொண்டிருந்தாள். அவன் பின்னால் ஆள் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள்.

"சித்தி?"

"வரல்ல மக்கா."

"ஏன்?"

"வர ஒக்கல்ல."

"நீ வைஞ்சேன்னு அம்மா சொன்னா. அதுக்கா? நீ சாரி சொன்னியா?"

"சொன்னேன்."

சோனா மூங்கிலில் கையை மாற்றிப் பிடித்தாள். "சித்தி வந்தா நான் ஓடுவேன் இல்லியா அப்பா?"

கனகதாஸ் செருப்பைக் கழற்றினான். ஆமாம் என்று சொல்லிவிட்டால் அந்தச் சாயங்காலம் எளிதாகக் கடந்துபோகும் என்று அவனுக்குத் தெரிந்தது.

"இல்ல மக்கா. சித்தி வந்தாலும் பைய நடக்கத்தான் ஒக்கும். இப்பம் ஓட ஒக்காது."

அவள் அழவில்லை. மூங்கிலை விட்டாள். காலை அகட்டி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, கேட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள். அவன் செருப்பைத் திரும்பவும் மாட்டிக்கொண்டு பின்னால் போனான். அவள் இடதுபக்கம் சாயும்போதெல்லாம் அவன் கை நீண்டது, தொடாமல் நின்றது. அப்படியே ரோட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

பாறசாலைப் பக்கம் இருந்து ரப்பர் கடைக்காரர் ஸ்கூட்டரில் வந்தார். அவர்களைக் கண்டு வேகத்தைக் குறைத்தார்.

"என்ன கனகதாசே, பிள்ளைக்கு சுகமாச்சா?"

"ஃபிட்ஸ் இல்ல இப்பம்" என்றான் கனகதாஸ்.

"நல்லது, கர்த்தர் காத்தாரு" என்று சொல்லிவிட்டு அவர் போனார். சோனா ரோட்டோரக் கல்லில் கையை ஊன்றி மூச்சு வாங்கினாள். பிறகு, அவன் சொல்லாமலே, திரும்பவும் கையை விரித்தாள்.